டொக்டரிடம் நான் சொன்ன பொய்

என் பிள்ளைகளே,

போன கிழமை என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வரும்போது, பஸ்ஸில் வைத்து என்னைப் பகிடி பண்ணினீர்கள். “டொக்டர் கேட்டது இருமல் எத்தினை நாள் எண்டு மட்டும்தான். அப்பா முந்தநாள் சாப்பிட்ட கணவாய்க் கறியில தொடங்கி, பக்கத்து வீட்டு அன்ரி தந்த கசாயத்தில வந்து நிக்க, பின்னால நிண்ட சனம் எல்லாம் எங்களை முறைச்சுப் பாத்துது” என்று சின்னவன் நடித்தும் காட்டினான். நானும் சிரித்தேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று அப்போது சொல்லவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற கதையல்ல அது.

மூத்தவளே, இது உன்னைப் பற்றியது. உனக்கு ஆறு வயதில் வலிப்பு வந்து மன்னார் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாய் என்று மட்டும் அம்மா உனக்குச் சொல்லியிருக்கிறாள். மிச்சத்தை நானே சொல்ல வேண்டும் என்று அவள் விட்டுவிட்டாள். இவ்வளவு காலமும் நான் சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை கண்டால் திருத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் போய் அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நாங்கள் தலைமன்னாருக்கும் பேசாலைக்கும் இடையில் கடற்கரையோரம் குடியிருந்தோம். நான் கரைவலை இழுக்கப் போவேன். மன்னார்ப் பட்டினத்தில் அரசாங்கப் பெரியாஸ்பத்திரி இருந்தது. படித்துப் பட்டம் பெற்ற டொக்டரும் இருந்தார். ஆனாலும் எங்கள் ஆட்கள் அங்கே போவது எல்லாம் கைவிட்ட பிறகுதான். என் தகப்பனாரின் காலத்தில், வெள்ளைக்காரன் ஆண்ட நாட்களில், அம்மை போட்ட வீட்டுக்குக் கந்தோரில் இருந்து ஆள் வந்து நோயாளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்களாம். அப்படிப் போன அவருடைய தமையனார் திரும்பி வரவேயில்லை. அதனால் ஆஸ்பத்திரி என்றால் ஆளைப் பிடித்துக்கொண்டு போகிற இடம் என்று எங்கள் வீட்டில் ஒரு பயம். வெள்ளைக்காரன் போனான், அந்தப் பயம் போகவில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வைத்தியம் பார்க்கிறவரிடம் வருத்தம் இன்னதென்று நாங்கள் வாய் திறந்து சொல்லக் கூடாது. போய் இருந்து கையை நீட்ட வேண்டும். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து அவராகச் சொல்ல வேண்டும். “நாங்களே சொல்லுறதெண்டால் பிறகு அவர் எதுக்கு?” என்பார்கள். கேள்வி கேட்கிற வைத்தியன் ஒன்றும் தெரியாதவன் என்பது எங்கள் ஊர் முடிவு.

அந்தச் சோதனையில் ஒருநாளும் தோற்காத ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். மலைநாட்டுத் தோட்டம் ஒன்றின் மருந்துச்சாலையில் சில வருடம் போத்தல் கழுவியவர். திரும்பி வரும்போது ஒரு தோல் பையும் கழுத்தில் போடுகிற குழாயும் கொண்டு வந்தார். ஊர் அவரை டொக்டர் ஐயா என்றது. நாடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, “நேற்று சூடை மீன் கூடச் சாப்பிட்டிருக்கிறாய். வெயிலுக்குள்ளயும் நிண்டிருக்கிறாய்” என்பார். கேட்டவன் வாயைப் பிளப்பான். நேற்று ஊர் முழுவதற்கும் பட்டது சூடை மட்டும்தான் என்பதும், கரைவலைக்காரன் வெயிலில் நிற்காமல் வேறு எங்கே நிற்பான் என்பதும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் கெட்ட மனிதர் அல்ல, அதையும் எழுத வேண்டும். நீ பிறந்த அன்று மருத்துவிச்சியைக் கூட்டிவரக் கொட்டுகிற மழைக்குள் பேசாலைக்குச் சைக்கிள் ஓடியவர் அவர்தான். அந்த நன்றிக்காக உனக்கு ஞானத்தகப்பனாக நிற்கக் கேட்டேன். கோயிலில் உன் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்போது உன்னைக் கையில் ஏந்தி நின்றார். எங்களுக்குள் ஞானத்தகப்பன் என்றால் கூடப்பிறந்தவனுக்கும் மேல். அவரோடு பகைப்பது அந்தத் தண்ணீரோடு பகைப்பது.

உனக்கு வயிற்றுவலி வந்தது. நித்திரையில் பல்லை நறுமினாய். பூச்சி என்று எங்களுக்கே தெரிந்தது. அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மண்ணிறப் போத்தல் ஒன்றில் இருந்து வெள்ளைத் தூள் கொஞ்சம் எடுத்துக் காகிதத்தில் மடித்துத் தந்தார். “வெயில் காட்டாதை, தம்பி. வெயில் பட்டால் மஞ்சளாப் போயிடும். உயிருள்ள மருந்து” என்றார். முதல் நாள் ஒரு பொட்டலம் கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் விடிய, “உன்ர பிள்ளையின்ர பூச்சி உன்னைப்போலப் பிடிவாதம் பிடிச்சது” என்று சிரித்துவிட்டு இரண்டு பொட்டலத்தை ஒன்றாகக் கொடுக்கச் சொன்னார், வெறும் வயிற்றில், விளக்கெண்ணெயில் குழைத்து.

நீ வேண்டாம் என்று தலையை ஆட்டினாய். அம்மா பார்க்க மாட்டேன் என்று குசினிக்குள் போய்விட்டாள். நான்தான் உன்னை மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து ஊற்றினேன். நீ விழுங்கின சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும்.

சூரியன் ஏறி வரும்போது நான் முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் குந்தியிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“அப்பா, ஏன் கடல் மஞ்சளாக் கிடக்கு?”

“வெயிலுக்கு அப்பிடித்தான் தெரியும்.”

“அம்மான்ர சீலையும் மஞ்சள்.”

அம்மா கொடியில் காயப் போட்டிருந்தது கோயிலுக்கு உடுக்கிற வெள்ளைச் சீலை. நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ உன் இரண்டு கையையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. பிறகு சத்தி எடுத்தாய். துடைக்கப் போனபோது உன் இடது கை தானாக ஒருமுறை இழுத்தது.

மணலில் ஓடினேன். அவர் வீட்டு வாசலில் நின்று முகம் வழித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, பிள்ளைக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியுதாம். சத்தியும் எடுக்கிறாள்.”

“மஞ்சளோ? அது நல்லது. பித்தம் கலைஞ்சு வருது. பூச்சி சாகேக்குள்ள அப்பிடித்தான் இருக்கும்.”

“கை இழுக்குது அண்ணை.”

முகத்துச் சவர்க்கார நுரையைத் துடைக்காமலே சவரக் கத்தியைத் திண்ணையில் வைத்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு பொட்டலம் மடித்துக்கொண்டு வந்தார். “இதையும் குடு. மிச்சம் கிடக்கிறதும் செத்துதெண்டால் எல்லாம் அடங்கியிடும்” என்றார். காகிதத்தை மடித்த விதம் கோணலாக இருந்தது. எப்போதும் அளவெடுத்ததுபோல மடிக்கிற மனிதர் அவர். அதைக் கண்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மாவுக்கு அப்போது எட்டு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவள் என் கையில் இருந்த பொட்டலத்தைக் கண்டாள்.

“என்ன அது?”

“இன்னொண்டு குடுக்கட்டாம்.”

“அதை ஊத்திறதெண்டால் முதல் எனக்கு ஊத்துங்கோ.”

“இஞ்ச பார், அவர் எத்தினை பிள்ளையளைப் பாத்தவர்...”

“நான் இந்தப் பிள்ளையைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. படிச்ச டொக்டர் பாக்கட்டும்.”

“அண்ணைக்கு என்ன சொல்லுறது?”

“அண்ணைக்கு நாளைக்கும் சொல்லலாம். பிள்ளை போயிட்டுதெண்டால் நாளைக்கு ஆருக்கு என்னத்தைச் சொல்லப் போறியள்?”

பொட்டலத்தைப் பறித்து அடுப்புக்குள் போட்டாள். அவள் அப்படி என் கையில் இருந்து எதையும் பறித்ததை நான் முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. ஒரு பக்கம் ஞானத்தகப்பன், ஒரு பக்கம் நான் ஒருநாளும் காணாத ஒரு டொக்டர். அந்த இடத்தில் தெரிவு செய்தது நானல்ல, அவள்தான். நான் உன்னைத் தூக்கியது மட்டும்தான்.

றோட்டில் கருவாட்டு லொறி ஒன்று மன்னாருக்குப் போக நின்றது. நான் ஏறப் போகும்போது அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். ஒரு கன்னம் மட்டும் வழித்திருந்தது.

“போறது சரி, தம்பி. போ. ஆனால் என்ர பேரை அங்க எடுக்காதை. அவை படிச்ச ஆக்கள். லைசன் இல்லாமல் மருந்து குடுத்தவன் எண்டு பொலிசில குடுத்தால் என்னை மறியலில போட்டிடுவாங்கள். உன்ர பிள்ளையை ஏந்தின கை இது. கோயிலைப் பாத்துச் சொல்லு.”

தென்னைகளுக்கு மேலே கோயில் சிலுவை தெரிந்தது. உன்னை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மற்றக் கையால் சிலுவை அடையாளம் போட்டேன்.

“சொல்லமாட்டன் அண்ணை.”

லொறி நகரும்போது அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “டொக்டர் கேக்கிறதுக்கு எல்லாம் வாயைத் திறந்து சொல்லுங்கோ! கேட்டதோ?” நான் தலையை ஆட்டினேன். ஒரே நிமிடத்தில் இரண்டு பேருக்கு இரண்டு வாக்குக் கொடுத்துவிட்டு ஏறினேன்.

லொறிக்காரர் எருக்கலம்பிட்டி முஸ்லிம் மனிதர். நல்ல பகிடிக்காரர். ஆனால் உன்னைக் கண்டதும் ஒரு பகிடியும் விடாமல் ஓட்டினார். பாதி வழியில் கழுதைகள் றோட்டை மறித்து நின்றன. ஹோர்ன் அடித்தும் அசையவில்லை.

“இதுகளை அரபிக்காரன் விட்டிட்டுப் போன நாளில இருந்து ஒருத்தருக்கும் வழி விட்டதில்லை” என்று இறங்கிப் போய்த் தள்ளினார். அவர் திரும்பி ஏறும்போதுதான் உனக்கு முதல் வலிப்பு வந்தது. உன் உடம்பு என் மடியில் பலகைபோல விறைத்தது. கண் மேலே போனது. என் சால்வையின் நுனியை உன் பல்லுக்கிடையில் வைத்தேன். அதுவும் செய்யக் கூடாத வேலை என்று பிறகு தெரிந்தது.

“யா அல்லாஹ்” என்றார் அவர். “என்னத்தைக் குடுத்தீங்க புள்ளைக்கு?”

“ஒண்டும் குடுக்கேல்லை.”

அதுதான் முதல் பொய். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னே பழகிக்கொண்டேன்போலும்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு றோட்டைப் பார்த்தார். “எங்கட ஊரிலயும் தண்ணி ஓதித் தாற ஒராள் இருக்கிறார். நான் முதல்ல அவருக்கிட்டப் போவன், பிறகு டொக்டருக்கிட்டப் போவன். அவருக்கு இவரைச் சொல்றதில்ல, இவருக்கு அவரைச் சொல்றதில்ல. ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி” என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் உன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாலை போனது. தோட்டவெளி போனது. பட்டினம் வரவே இல்லை என்பதுபோல இருந்தது.

டொக்டர் இளைஞர். யாழ்ப்பாணத்துப் பேச்சு. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உன்னைக் கட்டிலில் கிடத்தச் சொல்லிவிட்டு, கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், கழுத்தை மடக்கிப் பார்த்தார், வயிற்றை அமர்த்திப் பார்த்தார். எல்லாம் செய்துகொண்டே கேள்வி கேட்டார்.

“எப்ப தொடங்கினது?”

“இண்டைக்கு, ஐயா.”

“காய்ச்சல் இருந்ததோ?”

“இல்லை.”

“விழுந்தவளோ? தலையில அடி பட்டதோ?”

“இல்லை.”

“முந்தி எப்பவும் வலிப்பு வந்ததோ?”

“இல்லை.”

“ஏதும் மருந்து குடுத்தனீரோ? நாட்டு மருந்து, இங்கிலீசு மருந்து, எதெண்டாலும்?”

நான் உன் காலைப் பார்த்தேன். கடல்மணல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இல்லை ஐயா. தேத்தண்ணி மட்டும்.”

மனதுக்குள் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். வாக்கைக் காப்பாற்றினேன் என்பது ஒன்று. மற்றது, இவ்வளவு கேட்கிறாரே, இவருக்கு ஒன்றும் தெரியாதோ என்பது. படித்த டொக்டர் என்றால் பார்த்தவுடன் கண்டுபிடிக்கட்டும், நான் ஏன் சொல்ல வேண்டும்? பிள்ளை வலிப்பில் கிடக்கும்போது நான் டொக்டருக்குப் பரீட்சை வைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது வலிப்பு வந்து அடங்கியது. டொக்டர் தாதி மிஸியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மலேரியா என்ற சொல் எனக்கு விளங்கியது. மிஸி ஒரு தட்டைக் கொண்டு வந்தாள். அதில் ஒரு ஊசி மருந்து ஏற்றி இருந்தது. பக்கத்தில் இன்னொரு ஊசி, மருந்தில்லாமல், என் நடுவிரலைவிட நீளம்.

“அது எதுக்கு மிஸி?”

“மூளைக் காய்ச்சலோ எண்டு பாக்க முதுகில குத்தித் தண்ணி எடுக்க வேணும். நீர் வெளியில நில்லும்.”

நான் நகரவில்லை. டொக்டர் ஏற்றின ஊசியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். அந்த நேரம் நீ கண்ணைத் திறந்தாய். அவரைத்தான் பார்த்தாய்.

“அப்பா, இவற்ர சட்டை ஏன் மஞ்சள்?”

டொக்டர் என் பக்கம் திரும்பினார். “என்ன சொன்னவள்?”

“அது... பிதற்றுறாள் ஐயா.”

பிள்ளைகளே, முன்னே சொன்ன பொய்யை நான் மன்னித்துக்கொண்டேன். வாக்குக் கொடுத்திருந்தேன், பயந்திருந்தேன். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மூத்தவள் தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சொல்லைத் தானாகவே சொன்னாள். அதைப் பெற்ற தகப்பன் பிதற்றல் என்று சொல்லித் தள்ளினேன்.

டொக்டர் ஊசியைப் பிடித்தபடியே கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்தார். நான் நிலத்தில் குந்தியிருந்தேன். அவருடைய முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. அதட்டுவார் என்று நினைத்தேன்.

“இஞ்ச பாரும். எனக்குத் தெரியேல்லை” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“இந்தப் பிள்ளைக்கு என்ன எண்டு எனக்குத் தெரியேல்லை. மலேரியாவா இருக்கலாம். மூளைக் காய்ச்சலா இருக்கலாம். ரெண்டும் இல்லாமலும் இருக்கலாம். நான் பிழையான மருந்தை ஏத்தினன் எண்டால் நானே இவளைக் கொண்டுபோடுவன். தெரியாதபடியாத்தான் உம்மட்டக் கேக்கிறன். நீர் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.”

வைத்தியம் செய்கிற ஒருவர் வாயில் தெரியாது என்ற சொல்லை என் வாழ்க்கையில் நான் அன்றைக்குத்தான் கேட்டேன். இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தது தெரியாத ஒருவரிடமா? அடுத்த மூச்சில் இன்னொன்று விளங்கியது. தெரிந்தவன் இந்த அறையில் ஒருவன்தான் இருக்கிறான். அவன் வாயைப் பூட்டிக்கொண்டு குந்தியிருக்கிறான்.

“பூச்சித் தூள் ஐயா” என்றேன். “வெள்ளைத் தூள். மண்ணிறப் போத்தல். வெயில் பட்டால் மஞ்சளாப் போகுமாம். காலமையில இருந்து இவளுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியுது. கடலும் மஞ்சளெண்டு சொன்னவள்.”

அவர் ஊசியைத் தட்டில் திருப்பி வைத்தார். அந்தச் சத்தம், பிள்ளைகளே, மணிச்சத்தம்போல இருந்தது எனக்கு.

“எவ்வளவு?”

“நேற்று ஒரு பொட்டலம். இண்டைக்கு ரெண்டு.”

“ஒரு பொட்டலத்தில எவ்வளவு?”

“தெரியாது ஐயா. ரெண்டு கிள்ளு வரும்.”

“எத்தினை மணிக்கு?”

“மணி தெரியாது. காலமை ரெயில் போன பிறகு.”

“எதோட குடுத்தது?”

“விளக்கெண்ணெயில குழைச்சு.”

அவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். “எண்ணெய் அதை இன்னும் கூட உடம்புக்குள்ள இழுக்கும்” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். எழும்பும்போதே மிஸியிடம் வேறு வேறு சாமான் கேட்டார். வாசலில் என்னை வெளியே விடும்போது, “ஆர் குடுத்தது?” என்றார்.

“நான்தான் ஐயா ஊத்தினது.”

“நான் அதைக் கேக்கேல்லை.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி. அது பிறகு” என்று கதவைச் சாத்தினார்.

மூக்கால் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்களாம். நான் காணவில்லை, சத்தம் மட்டும் கேட்டேன். வலிப்பை அடக்க ஏதோ மருந்து ஏற்றினார்கள். நான் வெளிவிறாந்தையில் நின்று, ஒரு வலிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை “அருள் நிறை மரியே” ஜெபம் சொல்ல முடிகிறது என்று விரல் மடித்துப் பார்த்தேன். வேறு கடிகாரம் என்னிடம் இல்லை. முதலில் பத்து முடிவதற்குள் மிஸி ஓடினாள். அடுத்தமுறை முப்பது தாண்டியது. அதற்கடுத்தது ஜெபமாலை முழுவதையும் சொல்லி முடித்த பிறகு, மெல்லியதாக ஒன்று. பிறகு இரண்டாம் ஜெபமாலை தொடங்கினேன். நடுவில் எங்கே நிற்கிறேன் என்பது மறந்துபோய் மறுபடியும் முதலில் இருந்து சொன்னேன். வாக்கு மீறினவனுடைய ஜெபத்தைக் கடவுள் ஏற்பாரோ என்ற பயம் வேறு. சிலுவை அடையாளம் போட்டுக் கொடுத்த வாக்கல்லவா?

வெயில் சாயும் நேரம் டொக்டர் வெளியே வந்து, உன் சிறுநீரின் நிறத்தைப் பார்த்ததாகவும், நான் சொன்ன மருந்துதான் என்று அது காட்டுவதாகவும் சொன்னார். “பிழைப்பாளோ ஐயா?” என்று கேட்டேன். அதற்கும் அவர் ஓம் என்று சொல்லவில்லை. “விடியட்டும்” என்றார்.

விடிந்தபோது நான் கட்டில் காலைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தேன். உன்னிடம் சுவர் என்ன நிறம், சட்டை என்ன நிறம் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நீதான் நெடுநேரம் மிஸியைப் பார்த்துவிட்டு என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாய்.

“அப்பா, அந்த அன்ரி ஏன் வெள்ளைத் தொப்பி போட்டிருக்கிறா?”

நான் மிஸியின் காலில் விழப் போனேன். “எழும்பும், எழும்பும், நிலம் கழுவினது இப்பத்தான்” என்று அவள் அதட்டினாள்.

வீட்டுக்கு விடும் நாளில் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். “அந்த ஆள் ஆரெண்டு நான் கேக்கேல்லை. ஆனால் போய்ச் சொல்லும், அந்தப் போத்தலைக் கடலில வீசச் சொல்லி. இப்ப வேற எந்த வீட்டில எந்தப் பிள்ளைக்குக் குடுத்துக்கொண்டிருக்கிறாரோ” என்றார். அந்தக் கடைசி வசனம் வீடு வரைக்கும் என்னைக் குத்திக்கொண்டு வந்தது. உன்னை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நேரே அவரிடம் போனேன்.

அவர் வாசலுக்கு வந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை.

“பிள்ளை எப்பிடி?”

“சுகம் அண்ணை.”

“என்ர பேரைச் சொன்னனியோ?”

“பேர் சொல்லேல்லை. மருந்தைச் சொன்னனான்.”

“ரெண்டும் ஒண்டுதான்.”

“அந்தப் போத்தலை வீசட்டாம் அண்ணை. வேற பிள்ளையளுக்கும்...”

“இனி எனக்கு நீ வைத்தியம் படிப்பிக்கிறாய்” என்றார். கோபத்தில் சொன்னதுபோலத் தெரியவில்லை. களைத்துப்போனவர்போலக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு என்னோடு அவர் கதைத்தது குறைவு. நீ முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குச் சொல்லி அனுப்பினேன், வரவில்லை. போத்தலை வீசினாரா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தூள் பிறகு எந்த வீட்டுக்கும் போனதாகக் கேள்விப்படவில்லை, அவ்வளவுதான். ஊரில் சிலர் ஞானத்தகப்பனைக் காட்டிக்கொடுத்தவன் என்று என்னைச் சொன்னார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் நீயும் அம்மாவும் நித்திரை. வலைக்கு நான் போகவில்லை. எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று டொக்டர் கேட்டபோது கிள்ளு என்றும் ரெயில் என்றும் சொன்னது மனதை அரித்துக்கொண்டிருந்தது. அலுமாரியைச் சத்தம் கேளாமல் திறந்து, கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். பூச்சித் தூள், வெள்ளை. முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. விளக்கெண்ணெயில். காலை ரெயிலுக்குப் பிறகு. அதற்குக் கீழே கொடுத்தவர் என்று எழுதிவிட்டு, ஞானத்தகப்பன் என்று எழுத, “ஞான” வரைக்கும் போனேன். நின்றேன். எச்சில் தொட்டு விரலால் அதை அழித்தேன். பலகையில் கறுப்பாக ஒரு தீற்றல் வந்தது. அதன் மேலேயே, அழுத்தி, தகப்பன் என்று எழுதிக் கதவை மூடினேன்.